பெயர் கூப்பிட்டதும் எழுந்தவள்

ஜெனிலாவின் பட்டியலில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள கடலோர ஊர்களில் ஓர் அறக்கட்டளை மாதம் ஒருமுறை மனநல முகாம் நடத்திவந்தது. அங்கே வைத்தியம் பார்ப்பவர்களை வீடு தேடிப் போய்ச் சந்தித்து, முகாமில் உங்களை எப்படி நடத்துகிறார்கள், மருந்து உதவுகிறதா, குறை உண்டா என்று கேட்டுப் பதிவு செய்வது அவளுடைய வேலை. முப்பத்து நான்கு கேள்விகள். கையில் ஒரு டேப்லெட். நாசரேத்துக்காரி, இருபத்தேழு வயது, சமூகப்பணி படித்தவள். யார் வீட்டிலும் தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடிப்பாள் என்பதால் அவளிடம் எல்லோரும் பேசினார்கள்.

பத்தொன்பதாவது பெயர் பேச்சிச்செல்வி. வயது நாற்பத்தாறு, உப்பளத் தொழிலாளி. கீழவைப்பாரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, உப்பளங்களை ஒட்டிய காலனியில் கடைசி வீடு. மாசி மாதத்து வெயிலில் பாத்திகளெல்லாம் கண்ணைக் கூசும்படி வெளுத்துக் கிடந்தன. ஜெனிலா போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

கதவைத் திறந்த பெண் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பேச்சிச்செல்வி அக்கா வீடு இதுதானே?"

அந்தப் பெண் தெருவை ஒருமுறை எட்டிப்பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"நீங்கதானா?"

"நாந்தான்."

உள்ளே ஒற்றை அறை. சுவரோரம் இரண்டு பாய்கள் சுருட்டிச் சாத்தியிருந்தன. ஜெனிலா தரையில் உட்கார்ந்து, எதற்காக வந்திருக்கிறாள், சொல்வதை யாரிடமும் பெயரோடு சொல்லமாட்டாள் என்பதையெல்லாம் விளக்கிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள்.

"டாக்டர் உங்ககிட்ட எவ்வளவு நேரம் பேசுறாரு?"

"பேசுவாவளா? தூக்கம் வருதா, சாப்புடுதியா, மாத்திரை முழுங்குதியா. மூணு கேள்வி. நான் தலைய ஆட்டணும். அடுத்த ஆளு."

"உங்களப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "டாக்டரு கூப்பிடமாட்டாரு. வெளிய நர்ஸம்மா கூப்பிடுவா. பேச்சிச்செல்வீன்னு நல்லா சத்தமா. மண்டபம் பூராவும் கேக்கும்" என்றாள். "அதுக்கு எத்தன மார்க்கு வேணும்னாலும் போட்டுக்கோங்க."

"மருந்து சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன மாற்றம் தெரியுது?"

"முந்தி எந்நேரமும் பேசிக்கிட்டே கெடப்பா. விடிஞ்சா அடைஞ்சா அவ பேச்சுதான். இப்ப கொஞ்சம் தள்ளி நின்னு பேசுதா."

"யாரு?"

அந்தப் பெண் சுருட்டி வைத்த பாய்களின் பக்கம் பார்த்தாள். "சத்தந்தான். வேற யாரு" என்றாள்.

ஜெனிலா 'காதில் குரல் கேட்பது குறைந்துள்ளது' என்ற கட்டத்தைத் தொட்டாள். கிளம்பும்போது அந்தப் பெண் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கை நடுங்கிப் பாதித் தண்ணீர் தரையில் சிந்திவிட்டது. ஜெனிலா மருந்தின் பக்கவிளைவு என்ற இடத்தில் அதையும் குறித்துக்கொண்டாள். திருப்தி ஐந்துக்கு ஐந்து. படிவத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில் தூத்துக்குடி அலுவலகத்திலிருந்து அவளுடைய மேலாளர் சத்தியராஜ் செய்தி அனுப்பினார்: "சூப்பர். எல்லா ஃபார்மும் இப்படி வந்தா நல்லாருக்கும்."

அடுத்த பெயர் ரோச். கீழவைப்பாரில் கோயிலுக்குப் பின்னால் வீடு. ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் மூச்சடக்கிச் சங்கு குளிப்பதில் அந்தக் கரையில் பெயர் வாங்கியவர். அண்ணன் கடலில் இறந்தபிறகு, அந்த அண்ணன் வாசலில் வந்து நிற்பதாகச் சொல்ல ஆரம்பித்து, முகாமுக்குப் போய் மருந்து சாப்பிட்டுத் தேறி மறுபடி கடலுக்குப் போனவர். இதெல்லாம் அவளிடமிருந்த குறிப்பில் இருந்தது. ஆனால் அவள் பார்த்த ரோச், பகலிலேயே கண் செருகிப்போய், கடைவாயில் எச்சில் ஒழுக, பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து கிடந்தார். பாதிக் கேள்விகளுக்கு அவர் மனைவியே பதில் சொன்னாள். எட்டு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை, மருந்தைக் கூட்டிவிட்டார்கள், தூங்கித் தூங்கி எழுந்திருக்கிறார் என்றாள்.

"நீங்க சொல்றத டாக்டர் நம்புறதா உங்களுக்குத் தோணுதா?" என்று ஜெனிலா கேட்டாள். இருபத்தெட்டாவது கேள்வி.

ரோச் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி குழாயடிக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"ஒரு காரியம் சொல்லுதேன். எழுதக் கூடாது."

ஜெனிலா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"முகாம்ல என் பக்கத்துல ஒரு பொம்பள உக்காருவா. உப்பளத்துக்காரி. ரெண்டு வருசமா ஒரே பெஞ்சிதான். நல்லா பேசுவா. போன வைகாசில செத்துப்போனா. பஸ் ஸ்டாப்புல கண்ணீர் அஞ்சலின்னு போட்டோ போட்டு ஒட்டியிருந்தாவ, நான் என் கண்ணால பாத்தேன். கடையில கேட்டேன், ஆமா, எரிச்சாச்சின்னாவ. அடுத்த மாசம் முகாமுக்குப் போறேன். நர்ஸம்மா அவ பேரக் கூப்பிடுதா. கூப்பிட்ட ஒடனே அவ எந்திரிச்சி உள்ள போறா."

அவர் கையிலிருந்த துண்டால் வாயைத் துடைத்தார்.

"அதே மொகம். எனக்கு ஒடம்பெல்லாம் வெறச்சிப்போச்சி. சரி, அண்ணன் வந்த மாதிரி இவளும் வாராபோலுக்கு, நோவு திரும்பிட்டுன்னு நெனச்சேன். மறைக்கக் கூடாதுன்னு டாக்டருட்ட போய்ச் சொன்னேன். செத்தவ வாரா, சீட்டு வாங்குதா, மாத்திரை வாங்கிட்டுப் போறான்னு. அவரு ஒண்ணும் கேக்கல. மாத்திரையக் கூட்டிட்டாரு. அடுத்த மாசமும் வந்தா. அதையும் சொன்னேன். இன்னும் கூட்டிட்டாரு. எவ்வளவு முழுங்குனாலும் அவ வந்துக்கிட்டுதான் இருக்கா."

"அவங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"பேச்சிச்செல்வி."

ஜெனிலாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நான் இப்ப அவங்ககிட்ட பேசிட்டுதான் வரேன்."

ரோச் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு மிக மெதுவாக, "ஒனக்கும் தெரியுதாளா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து வெளியே நடந்தாள். பேருந்து நிறுத்தத்தின் சுவரில் அந்தச் சுவரொட்டி இன்னும் இருந்தது. வெயிலில் நீலம் பாரித்து, ஓரம் கிழிந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரம் முன்பு தண்ணீர் கொடுத்த அதே முகம், அதே கூர்மையான மோவாய். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததைப் பிறகுதான் பார்த்தாள். 'கண்ணீருடன், தங்கை சந்தனச்செல்வி.'

விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பிப் போய் ரோச்சிடம் சொன்னாள். "செத்தவங்க வரல அண்ணாச்சி. அது அவங்க தங்கச்சி, அச்சு அசல் அதே சாயல். அக்கா சீட்டுல மருந்து வாங்குறாங்க. நீங்க பாத்தது நெசமான ஆளத்தான்."

ரோச் இல்லை என்று தலையை ஆட்டினார். "என்னத் தேத்துததுக்குச் சொல்லுத. டாக்டரும் முந்தி அப்படித்தான் நல்லதா சொல்லுவாரு."

"நான் பொய் சொல்லல."

"அப்பம் கூட்டிட்டு வா. வெளிச்சத்துல, பக்கத்துல வச்சி நான் பாக்கணும். நான் சொன்னேன்னே சொல்லி கூட்டிட்டு வா."

மறுநாள் காலையில் ஜெனிலா காலனிக்குப் போனாள். உப்பள வேலை விடியுமுன் தொடங்கி வெயில் ஏறியதும் முடிந்துவிடும். பத்தரை மணிக்கு அந்தப் பெண், காலில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்க, கையில் தூக்குச் சட்டியோடு வந்தாள்.

"சந்தனச்செல்வி அக்கா" என்று ஜெனிலா கூப்பிட்டாள்.

தூக்குச் சட்டி கீழே விழுந்து உருண்டது. அவள் ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போலீசுக்குச் சொல்லிட்டியளா?"

"இல்ல அக்கா. யாருக்கும் சொல்லல. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மருந்து வேணும்னா உங்க பேர்லயே வாங்கலாமே?"

சந்தனச்செல்வி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வைகாசி மாசம். அளத்துக்குக் கெளம்பிட்டிருக்கேன். 'ஏளா, நெஞ்சு வலிக்கி'ன்னா. அவளுக்கு தெனமும் என்னமாவது வலிக்கும். ஒருநா தலைக்குள்ள எறும்பு ஊருதும்பா, ஒருநா வயித்துக்குள்ள யாரோ பேசுதாவம்பா. நானும் மாத்திரைய முழுங்கிட்டுப் படுன்னேன். வாசல் தாண்டுத வரைக்கும் சொன்னா, 'நெசமாவே வலிக்குளா'ன்னு. நான் திரும்பிப் பாக்கல. பத்து மணிக்கு ஆளு வந்து கூப்பிட்டாவ. வந்து பாத்தா வாசப்படியத் தொட்டுக்கிட்டுக் குப்புறக் கெடக்கா. மாரடைப்புன்னாரு ஆஸ்பத்திரி டாக்டரு. காலையில கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாமாம்."

வெளியே உப்பு லாரி ஒன்று போய், சத்தம் அடங்கியது.

"பதினாறு முடிஞ்சி எல்லாரும் போயாச்சி. அடுப்படில நிக்கேன். 'ஏளா, நெஞ்சு வலிக்கி.' காதுக்குள்ள இல்லம்மா, இந்தா, இங்கன, நீங்க இருக்க தூரத்துல. அன்னையிலருந்து ஓயல. ரெண்டு நாளு பொறுத்தேன். அவ மிச்சம் வச்ச மாத்திரை பானைக்குள்ள கெடந்துது. முழுங்குனேன். கொஞ்சம் அடங்குனா. தீந்ததும் அவ சீட்ட எடுத்துக்கிட்டு முகாமுக்குப் போனேன். மருந்து மட்டும் வாங்கிட்டு வந்துருவோம்னுதான் போனேன். நர்ஸம்மா பேச்சிச்செல்வீன்னு கூப்பிட்டா. எந்திரிச்சிட்டேன்."

"உங்க பேரச் சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? கோட்டி, பைத்தியம்னு ஒருக்கா சீட்டுல பேரு ஏறிட்டுன்னா, நாளைக்கி எனக்கு நெஞ்சு வலிச்சா யாரு நம்புவா? கூடப் பொறந்த நானே நம்பலியே."

ஜெனிலா வாசலில் உருண்டு கிடந்த தூக்குச் சட்டியை எடுத்து வந்து உள்ளே வைத்தாள்.

"பொறவு இன்னொண்ணும் இருக்கு" என்றாள் சந்தனச்செல்வி. "அவ பேர இந்த ஊருல இப்ப யாரும் சொல்லுததில்ல. செத்தவ பேரச் சொல்லப் பயப்படுதாவ. மாசத்துல ஒருநா அங்கன கூப்பிடுதாவ. நான் போகலன்னா அதுவும் நின்னுரும்."

ஜெனிலா ரோச்சைப் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சந்தனச்செல்வி நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"அந்த அண்ணாச்சியா? மொறச்சி மொறச்சிப் பாப்பாரு. காட்டிக் குடுத்துருவாரோன்னு நான் மொகத்த மூடிக்கிட்டு இருப்பேன். மாத்திரையக் கூட்டிட்டாவளா? என்னப் பாத்தேன்னு சொன்னதுக்கா?" அவள் எழுந்து நின்றாள். "இப்பமே போவோம்."

ஆட்டோவில் போனார்கள். ரோச் வீட்டு வாசலில் இறங்கியதும் சந்தனச்செல்வி முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். ரோச் அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் வெளிறியது. அவள் பக்கம் திரும்பாமல் ஜெனிலாவிடம் கேட்டார்.

"ஏம்மா, நீ மொதல்ல சொல்லு. அங்கன ஒரு ஆளு நிக்காளா?"

"நிக்காங்க அண்ணாச்சி. பச்சை சேலை. கையில கொடை."

"நான் பேச்சி இல்ல" என்றாள் சந்தனச்செல்வி. "அவ தங்கச்சி. நெஞ்சு வலிக்குன்னா, நான் நம்பல, செத்துட்டா. நீங்க பாத்ததெல்லாம் நெசம். நாந்தான் வந்தேன். எட்டு மாசமும் நாந்தான் வந்தேன்."

ரோச் மெதுவாக அடிமேல் அடி வைத்து வந்தார். கையை நீட்டி அவள் குடையின் கம்பியைத் தொட்டார். பிறகு அவள் மணிக்கட்டைத் தொட்டார். சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மூச்சை வெகுநேரம் அடக்கி வைத்திருந்து விட்டவரைப்போல் இழுத்து இழுத்து அழுதார்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவிக்கு விஷயம் புரிந்ததும் கத்தத் தொடங்கினாள். "எட்டு மாசம்! பொணம் மாதிரி கெடந்தாரே! பிள்ளைய மாதிரி வாயத் தொடச்சி விட்டனே! எவளோ திருட்டு மாத்திரை வாங்குததுக்கு என் வீட்டாளா கெடச்சாரு?" சந்தனச்செல்வி தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ரோச்தான் கையைத் தூக்கி மனைவியை நிறுத்தினார்.

"அவள விடு. அவளாச்சும் அக்கா சொன்னத நம்பலன்னு நொந்து கெடக்கா. நான் சொன்னத நம்பாதவங்க யாரும் நொந்த மாதிரி தெரியல."

இரண்டு பேரும் சம்மதம் கொடுத்தபிறகே ஜெனிலா அலுவலகத்தில் பேசினாள். சத்தியராஜ் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ரெண்டு ஃபார்மையும் எடுத்துடு ஜெனிலா. இறந்துபோனவங்க சர்வேல வரக்கூடாது."

"ரோச் அண்ணாச்சி உயிரோடதான் சார் இருக்காரு."

"அவரு பேஷன்ட்மா. அவரு சொல்றத வச்சிக்கிட்டு நாம..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "டாக்டருக்கு ஒரு கடிதம் எழுது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்றார்.

பங்குனி மாதத்து முகாமுக்கு ஜெனிலா போயிருந்தாள். டாக்டர் நேசக்குமார் மூன்று மணிநேரத்தில் எண்பது பேரைப் பார்க்கிறவர். கடிதம் அவருக்கு முன்பே போயிருந்தது. முதல் ஆளாக ரோச்சை உள்ளே அழைத்து, எழுந்து நின்று பேசினார். "நீங்க ரெண்டு தடவை வந்து சொன்னீங்க. அந்தப் பேருக்கு ஒரு சீட்டு இருக்கான்னு நான் திரும்பிப் பாத்திருந்தாப் போதும். பாக்கல. தப்பு என்னோடது." ரோச் அவரை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "கடல்ல ஒருத்தன் கயித்த இழுத்தா மேல இருக்கவன் ஏன்னு கேக்காம தூக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார். மருந்தைப் படிப்படியாகக் குறைக்க ஏற்பாடாயிற்று.

நர்ஸ் பானுப்ரியா பதிவேட்டில் பேச்சிச்செல்வி என்ற வரியைத் தேடி, சிவப்பு மையில் 'இறப்பு' என்று எழுதித் தேதி போட்டாள். அதைச் சந்தனச்செல்வி மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பேனா நகர்ந்த நேரம் முழுவதும் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அவள் சொந்தப் பெயரில் புதுச் சீட்டு எழுதினார்கள். அவள் பெயரை நர்ஸ் கூப்பிட்டபோது அவள் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் எழவில்லை. அதே பெஞ்சில் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த ரோச்தான் குனிந்து, "ஏளா, ஒன்னத்தான்" என்றார்.

அன்று டாக்டர் அவளோடு நாற்பது நிமிடம் பேசினார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அக்காவின் மருந்து உனக்கான மருந்தில்லை, அதனால்தான் கை நடுங்குகிறது, சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டும் என்றார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். எனக்கு நெஞ்சு வலிச்சா இந்தச் சீட்டக் காட்டணுமா, காட்டக் கூடாதா? டாக்டர் தன் போன் நம்பரைச் சீட்டின் பின்பக்கம் எழுதி, "காட்டுங்க. நம்பலன்னா என்னக் கூப்பிடச் சொல்லுங்க" என்றாராம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மருந்து குறைந்த முதல் மாதம் பேச்சிச்செல்வியின் குரல் முன்பைவிட நெருங்கி வந்தது. சந்தனச்செல்வி பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. ரோச்சின் மனைவி இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரோச் சித்திரைக் கடைசியில் வள்ளத்தில் ஏறினார். சங்கு குளிக்க விடவில்லை, மேலேயிருந்து கயிறு பிடிக்கும் வேலைதான் கொடுத்தார்கள். அறிக்கையில் அந்த இரண்டு பேரைப் பற்றிப் பெயரில்லாமல் ஒரு பத்தி வந்தது. முகாமில் சீட்டில் புகைப்படம் ஒட்ட ஆரம்பித்தார்கள். டாக்டர் கேட்கிற கேள்விகள் மூன்றிலிருந்து கூடினவா என்று ஜெனிலாவுக்குத் தெரியாது.

ஆனி மாதத்தில் ஒரு காலை சந்தனச்செல்வி அவளுக்குப் போன் செய்தாள். பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது.

"எங்க அக்கா இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாப்புல. இப்பம்லாம் அவ வலிக்குன்னா படுன்னு சொல்லுததில்லம்மா. சரிளா, வா ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொல்லிட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிருதேன். இங்கன வந்து நிக்கோம். ஒரு பஸ்ஸு வாரதுக்குள்ள சத்தம் அடங்கிருது. பொறவு நான் வேலைக்குப் போயிருதேன்."

"டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். செய்யின்னாரு."

பேருந்து வந்து நிற்கும் சத்தமும், நடத்துநர் ஏதோ அதட்டுவதும் கேட்டன. சந்தனச்செல்வி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவரிடம், "நீங்க போங்கண்ணே, நாங்க ஏறல" என்றாள்.

நாங்க என்று அவள் சொன்னதை ஜெனிலா திருத்தவில்லை. பேருந்து போய், காற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.